வீட்டு ஃபைபர் இணைப்புக்குச் சொந்த ரவுட்டர்: நீங்களே அமைப்பது எப்படி

'நெட் வரலை' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தெருக் கம்பத்திலிருந்து உங்கள் போன் வரைக்கும் நெட் மூன்று கட்டமாக வருகிறது. கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை ஃபைபர். அந்த ஃபைபர் வழியாக நிறுவனத்தின் கருவியோடு பேசி உங்கள் கணக்கில் லாகின் ஆவது இரண்டாவது. ரவுட்டரிலிருந்து போனுக்குக் காற்றில் போகும் வைஃபை மூன்றாவது. புதிதாக ரவுட்டர் வாங்கியவர்கள் பாதி நாளை வீணாக்குவது இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான். ஃபைபரில் கோளாறு இருக்கும்போது வைஃபை பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு கட்டம் சரியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனால், நிதானமாகச் செய்தாலும் ஒரு மணி நேர வேலைதான்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் இன்று வழக்கமாக இருக்கும் அமைப்பை வைத்தே எழுதுகிறேன். பி.எஸ்.என்.எல் நிறுவனமோ தனியார் நிறுவனமோ, பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர் மூலமாக ஃபைபர் இழுத்துக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் கடையில் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கியிருக்கிறீர்கள், அல்லது வாங்கப்போகிறீர்கள்.

சுவரில் இருக்கும் பெட்டி

இணைப்பு கொடுக்க வந்தவர் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். லைன்மேன்கள் அதை ஓ.என்.டி என்பார்கள், ஓ.என்.யூ என்பார்கள், சிலர் பழைய பழக்கத்தில் மோடம் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். கண்ணாடி இழையில் ஒளியாக வருவதை நம் கருவிகளுக்குப் புரியும் மின் சமிக்ஞையாக மாற்றுவது அதன் வேலை. மெல்லிய வயர் ஒன்று பச்சை நிறத் தலையோடு அதற்குள் போகும். அதுதான் ஃபைபர். அதை ரவுட்டரில் செருக முடியாது, செருகப் பார்க்கவும் வேண்டாம். சும்மா கழற்றிப் பார்க்கவும் கூடாது. நுனியில் ஒரு தூசி ஒட்டினாலே சிக்னல் குறையும். அதோடு, உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். வெளிச்சம் தெரியவில்லையே என்று நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது ஆபத்து. வீட்டில் குழந்தைகள் இருந்தால் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

அந்தப் பெட்டியின் விளக்குகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். 'பான்' என்று எழுதிய விளக்கு சிமிட்டாமல் பச்சையாக எரிய வேண்டும். 'எல்.ஓ.எஸ்' என்ற விளக்கு அணைந்திருக்க வேண்டும். எல்.ஓ.எஸ் சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். மரக்கிளை ஒடிந்து விழுந்திருக்கலாம், உயரமான லாரி ஒன்று வயரை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், அணில் கடித்திருக்கலாம். அந்த நேரத்தில் ரவுட்டரில் நீங்கள் என்ன செய்தாலும் பயனில்லை. போன் செய்து, "அண்ணே, எல்.ஓ.எஸ் சிவப்பா எரியுது, பான் லைட் வரலை" என்று சொல்லிவிடுங்கள். 'நெட் வரலை' என்று சொன்னால் "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றுதான் பதில் வரும். விளக்கின் பெயரைச் சொன்னால் பேச்சே மாறிவிடும்.

இன்னொரு விஷயம். இப்போது கொடுக்கும் பல ஓ.என்.டிகளில் வைஃபையும் சேர்ந்தே இருக்கிறது. ஜியோ போன்ற நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டி ரவுட்டர் வேலையையும் தானே பார்த்துவிடும். வீடு சின்னது, இரண்டு அறைதான், எல்லா இடத்திலும் வேகம் சரியாக வருகிறது என்றால் தனி ரவுட்டரே வேண்டாம். கடைக்காரர் சொல்கிறார் என்பதற்காக வாங்காதீர்கள்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஏ.சி 1200 என்று போட்டிருக்கும். 1200 மெகாபிட் வேகம் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300, 5 கிகாஹெர்ட்ஸின் 867, இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்ட கணக்கு அது. ஒரு போன் ஒரே நேரத்தில் இரண்டிலும் ஓடுவதில்லை. 867 என்பதும் ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் அதில் பாதி வந்தாலே நல்ல சேதி.

பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வயர் செருகும் துளைகள், அதாவது போர்ட்டுகள், கிகாபிட்டா இல்லையா என்பதுதான் அது. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் '10/100' என்று இருக்கும். அப்படியென்றால் நீங்கள் 200 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டினாலும் உள்ளே 100க்கு மேல் நுழையாது. வேகம் பார்த்தால் 94 அல்லது 95 என்று வந்து நிற்கும். அந்த 94ஐப் பார்த்துவிட்டு நிறுவனத்தோடு மாதக்கணக்கில் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். பிளான் 100க்குள் இருந்தால் 10/100 போதும். அதற்கு மேல் என்றால் '10/100/1000' அல்லது 'கிகாபிட்' என்று எழுதியிருக்க வேண்டும்.

வயரிலும் இதே சிக்கல் உண்டு. ஓ.என்.டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே போகும் ஈதர்நெட் வயருக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100க்கு நான்கே போதும். மீதி நான்கில் ஒரு கம்பி அறுந்திருந்தால் நெட் நின்றுபோகாது, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அதனால் பழைய வயரைத் தேடி எடுத்துப் போடாமல் கேட் 5இ அல்லது கேட் 6 வயராகப் புதிதாக வாங்குங்கள்.

ஆண்டெனா நான்கா ஆறா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு அலைவரிசையும் வேண்டும், கிகாபிட் போர்ட் வேண்டும். வைஃபை 6 இருந்தால் நல்லது, குறிப்பாக வீட்டில் கருவிகள் அதிகம் என்றால். மற்றதெல்லாம் பிறகு.

வயர் செருகுவது

ரவுட்டரின் பின்பக்கத்தில் ஒரு போர்ட் மட்டும் தனி நிறத்திலோ கொஞ்சம் தள்ளியோ இருக்கும். 'வேன்' (வெளியிலிருந்து நெட் உள்ளே வரும் வழி) அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதியிருக்கும். ஓ.என்.டியின் 'லேன் 1' போர்ட்டிலிருந்து வரும் வயர் இதற்குள் போக வேண்டும். இடம் மாற்றி ரவுட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளைச் செருகும் இடம்) செருகிவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள் போட்டி போட்டுக்கொண்டு உங்கள் கருவிகளுக்கு ஐ.பி முகவரி, அதாவது நெட்டில் அவற்றை அடையாளம் காட்டும் எண், கொடுக்க ஆரம்பிக்கும். சில போன்களில் நெட் வரும், சிலதில் வராது. தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் கோளாறு அது.

முதலில் ஓ.என்.டியை ஆன் செய்யுங்கள். பான் விளக்கு நிலையாக எரிய ஓரிரு நிமிடம் ஆகும். அதற்கப்புறம் ரவுட்டரை ஆன் செய்யலாம்.

அமைப்புப் பக்கத்தைத் திறப்பது

ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பிரவுசரில் அடிக்க வேண்டிய முகவரி எல்லாம் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அந்த ஸ்டிக்கரை இப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் அந்த வைஃபையோடு இணைந்ததும், போனின் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிடுங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்கு முதல் படியிலேயே பக்கம் திறப்பதில்லை. புது ரவுட்டரில் இன்னும் நெட் வராமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்த போன், 'இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை' என்று சொல்லிவிட்டு, உங்களைக் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நீங்கள் அடித்த 192.168.0.1 என்பது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி, வெளி இணையத்தில் அதற்கு இடமே கிடையாது. டேட்டாவை ஆஃப் செய்ததும் பக்கம் திறந்துவிடும். 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம், உங்கள் வீட்டு ரவுட்டர்தான். லேப்டாப் இருந்தால் வயர் வழியாக லேன் போர்ட்டில் செருகிச் செய்வது இன்னும் நிம்மதி. வைஃபை பெயரை மாற்றும்போது நடுவில் இணைப்பு அறுந்துபோகாது.

பக்கம் திறந்ததும் முதலில் கேட்பது அட்மின் பாஸ்வேர்டு. இந்த இடத்தில் மூன்று பாஸ்வேர்டுகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கு அட்மின் பாஸ்வேர்டு. நிறுவனத்திடம் லாகின் ஆவதற்கு அவர்கள் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு. போன்களை இணைக்க வைஃபை பாஸ்வேர்டு. மூன்றும் வேறு வேறாக இருக்கட்டும். மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும் வைக்கும் கவரில் போட்டு வையுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் உள்ளவர்களுக்குத் தேவைப்படும்.

அட்மின் பாஸ்வேர்டைப் பழையபடியே விட்டுவிடுவது சின்ன விஷயம் இல்லை. 2016இல் மிராய் என்ற தீம்பொருள் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பெரிய தந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தது, அவ்வளவுதான்.

லாகின்: இரண்டு வழிகள்

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நிறுவனத்திடம் லாகின் செய்யும் வேலையை யார் பார்ப்பது, சுவரில் இருக்கும் ஓ.என்.டியா, நீங்கள் வாங்கிய ரவுட்டரா?

புதியவர்களுக்கு என் பரிந்துரை, ஓ.என்.டியே பார்க்கட்டும் என்பதுதான். இணைப்புக் கொடுத்தவர் ஏற்கெனவே அதில் லாகின் விவரத்தைப் போட்டு நெட் வர வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். ஓடுவதைக் கலைக்க வேண்டாம். உங்கள் ரவுட்டரின் அமைப்பில் 'ஆபரேஷன் மோடு' என்று ஒரு இடம் இருக்கும். அதில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கப்புறம் ரவுட்டர் முகவரி கொடுக்கும் வேலையை ஓ.என்.டியிடம் விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஜியோ மாதிரிப் பெட்டிகளுக்கும் இதே வழிதான்.

மோடு மாற்றியதும் ஒரு விஷயம் நடக்கும், அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் பழைய முகவரி திறக்காது. இப்போது அதற்கே ஓ.என்.டிதான் முகவரி கொடுக்கிறது. ஓ.என்.டியின் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் புது முகவரி தெரியும். ரவுட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஓ.என்.டியிலேயே வைஃபை இருந்தால் அதை ஆஃப் செய்துவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைஃபை ஓடினால் ஒன்றையொன்று கெடுக்கும்.

இரண்டாவது வழி, ஓ.என்.டியை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றி லாகினை ரவுட்டரிடம் கொடுப்பது. அப்போது ஓ.என்.டி ஒளியை மாற்றித் தருவதோடு நின்றுவிடும். ஆன்லைன் விளையாட்டு, வெளியிலிருந்து பார்க்கும் கேமரா, பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு என்று ரவுட்டரின் எல்லா வசதியும் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்லது. ஆனால் பிரிட்ஜ் மாற்றத்தைப் பெரும்பாலும் நிறுவனத்து ஆளோ கேபிள்காரரோதான் செய்து தர வேண்டும். மாற்றுவதற்கு முன் ஓ.என்.டியின் ஒவ்வொரு அமைப்புப் பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். அதே ஓ.என்.டியில் லேண்ட்லைன் போனும் ஓடினால், "வாய்ஸ் செட்டிங்கைத் தொட வேண்டாம்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரிட்ஜ் ஆனதும் ரவுட்டரின் வேன் அமைப்பில் 'பி.பி.பி.ஓ.இ' என்ற லாகின் முறையைத் தேர்ந்தெடுத்து, நிறுவனம் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டை அடியுங்கள். சிறிய எழுத்து, பெரிய எழுத்து, நடுவில் வரும் புள்ளி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். விலான் எண் (ஒரே லைனில் போகும் சேவைகளைப் பிரிக்க நிறுவனம் வைக்கும் எண்) கேட்டால் நீங்களாக எதையும் போடாதீர்கள், அவர்களிடமே கேளுங்கள். எம்.டி.யூ (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அதுதான் சரி. எல்லாம் சரியாகப் போட்டும் இணையவில்லையா? பழைய பெட்டி செய்த லாகின் அவர்கள் பக்கத்தில் இன்னும் முடியாமல் நிற்கலாம். ஓ.என்.டியைப் பத்து நிமிடம் ஆஃப் செய்து வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் இல்லை என்றால், அந்தக் கணக்கு பழைய கருவியின் மேக் எண்ணோடு, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கும் அடையாள எண்ணோடு, பூட்டப்பட்டிருக்கலாம். கேபிள்காரரிடம் "மேக் பைண்டிங்கை எடுத்துவிடுங்க" என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

இணைந்துவிட்டதா என்பதை ரவுட்டரின் முகப்புப் பக்கத்திலேயே பார்க்கலாம். வேன் ஐ.பி என்ற இடத்தில் 0.0.0.0 இருந்தால் இன்னும் ஆகவில்லை. வேறு எண் வந்துவிட்டால் ஆகிவிட்டது. அந்த எண் 100.64க்கும் 100.127க்கும் நடுவே ஆரம்பித்தால் ஒரு செய்தி. நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. யூடியூப் பார்க்க, அலுவலக வேலை செய்ய எந்தத் தடையும் இல்லை. ஆனால் வீட்டு கேமராவின் பதிவுப் பெட்டியான டி.வி.ஆரை வெளியூரிலிருந்து நேராகத் திறக்க முடியாது. கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகப் பார்க்க வேண்டும், அல்லது கூடுதல் பணம் கட்டி ஸ்டேட்டிக் ஐ.பி, அதாவது உங்களுக்கென்றே மாறாத பொது முகவரி, வாங்க வேண்டும். வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை வீடியோ பார்த்துச் செய்தாலும் இந்த நிலையில் நடக்காது.

வைஃபை பெயரும் பூட்டும்

பெயரில் வீட்டு எண், உங்கள் பெயர் எதுவும் வேண்டாம். பாஸ்வேர்டாகச் செல்போன் எண்ணை வைக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. தெருவில் பாதிப் பேருக்கு அந்த எண் தெரியும். உங்களுக்கு மட்டும் அர்த்தமாகும் நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். விருந்தாளிகளுக்குச் சொல்லவும் எளிது.

பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ 2, ஏ.இ.எஸ் என்று இருக்க வேண்டும். டபிள்யூ.பி.ஏ 3 கலந்தது இருந்தால் அதையே போடலாம். டபிள்யூ.இ.பி என்ற பழைய வகைப் பூட்டை உடைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது, அதைத் தொடாதீர்கள். டபிள்யூ.பி.எஸ் என்ற பட்டன் வசதியை ஆஃப் செய்யுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 இறுதியிலேயே வெளியானது.

'எங்க வீட்டு நெட்டை யார் திருடப் போறாங்க' என்று பூட்டாமல் விடுபவர்களுக்கு ஒன்று. 2008 ஜூலையில் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. ஐ.பி முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஒரு அடுக்குமாடி வீட்டில். அந்த வீட்டுக்காரரின் திறந்த வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் கேள்வி வரும்.

2.4, 5 என்று இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைப்பதா, தனித்தனியா? போன்களும் டிவியும் மட்டும் என்றால் ஒரே பெயர் போதும். ரவுட்டரே பார்த்துக்கொள்ளும். வைஃபை கேமரா, ஸ்மார்ட் பல்பு இருந்தால் தனித்தனிப் பெயர் வையுங்கள். இவற்றில் பெரும்பாலானவைக்கு 2.4 மட்டும்தான் தெரியும், ஒரே பெயராக இருந்தால் முதல்முறை இணைக்கும்போது அடம்பிடிக்கும். 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவானது, நெரிசலானது. 5 வேகமானது, இரண்டாவது சுவரிலேயே களைத்துவிடும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் 2.4இன் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றில் வைக்க வேண்டும். இவை மட்டுமே ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்கும். சேனல் அகலம் 20. போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தால் பக்கத்து வீடுகள் எதில் குவிந்திருக்கின்றன என்று தெரியும். 5இல் இடம் தாராளம். 2018 அக்டோபரில் இந்திய அரசு அந்த அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. அகலம் 80 வைத்து, சேனலைத் தானாக விட்டுவிடலாம்.

எங்கே வைப்பது

கேபிள்காரர் டிவி வயருக்குப் போட்ட அதே ஓட்டையில் ஃபைபரையும் விட்டிருப்பார். அதனால் ஓ.என்.டி டிவிக்குப் பின்னால் வந்துவிடும், ரவுட்டரும் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். வீட்டின் ஒரு மூலையில், டிவியின் முதுகில். பாதி சிக்னல் பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

ஓ.என்.டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஈதர்நெட் வயர் நூறு மீட்டர் வரை தாங்கும். பத்துப் பதினைந்து மீட்டர் வயர் வாங்கி, சுவரோரமாகக் கிளிப் அடித்து, ரவுட்டரை வீட்டின் நடுவே கொண்டுவாருங்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில், தோள் உயரத்தில், திறந்த இடத்தில். பரண் மேல் வேண்டாம், ஷோகேஸுக்குள் வேண்டாம், ஃபிரிட்ஜ் தலையில் வேண்டாம், இரும்பு பீரோ மறைப்பில் வேண்டவே வேண்டாம். பெரிய நிலைக்கண்ணாடியும் சிக்னலைத் திருப்பிவிடும். ரவுட்டர் சூடாகும் கருவி, அதனால் மேலே துணி போட்டு மூடக் கூடாது. மிச்சமிருக்கும் ஃபைபரைச் சுருட்டி வைக்கும்போது காப்பி டம்ளரின் வாய் அளவுக்குக் குறையாத வளையமாக விடுங்கள். இறுக்கி மடக்கினால் ஒளி அந்த வளைவிலேயே கசிந்துவிடும்.

மாடிக்கு வேண்டும் என்றால் கான்கிரீட் தளத்தின் வழியாகச் சிக்னல் போகும் என்று நம்ப வேண்டாம். உள்ளே கம்பி கட்டிய தளம் அது. கடையில் எக்ஸ்டெண்டர் என்று ஒன்றைக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுப்பதால் வேகம் பாதியாகிவிடும். மாடிக்கு ஒரு ஈதர்நெட் வயர் இழுத்து, அங்கே பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குவது செலவும் குறைவு, வேலையும் உருப்படி.

வேகம் பார்ப்பது

முதல் சோதனை லேப்டாப்பில், வயர் செருகி. அது சரியாக வந்தால் முதல் இரண்டு கட்டமும் முடிந்தது. பிறகு ரவுட்டரின் பக்கத்தில் நின்று போனில், 5 கிகாஹெர்ட்ஸில். கடைசியாகப் படுக்கையறையில். வயரில் 100 வந்து படுக்கையறையில் 15 வந்தால் அது நிறுவனத்தின் குற்றம் இல்லை, சுவரின் குற்றம்.

பிளானில் சொல்வது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் என்றால் நொடிக்குப் 12.5 மெகாபைட், ஒரு ஜி.பி. கோப்புக்குச் சுமார் ஒன்றரை நிமிடம். மாதக் கடைசியில் திடீரென்று எல்லாம் ஊர்ந்தால் டேட்டா வரம்பைப் பாருங்கள். 'அன்லிமிடெட்' என்று விற்கும் பிளான்களிலும் 3300 ஜி.பி. மாதிரி ஒரு எல்லை இருக்கும், அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

கரன்ட் போனால்

ஃபைபரில் ஒரு நல்ல விஷயம் உண்டு. அது பெரும்பாலும் நடுவழியில் கரன்ட் கேட்காது. கம்பத்தில் இருக்கும் பிரிப்பான் வெறும் கண்ணாடி. அதனால் உங்கள் தெருவே இருட்டாக இருந்தாலும், எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருந்து, உங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் கரன்ட் கிடைத்தால் நெட் ஓடும். இதற்கென்றே மினி யூ.பி.எஸ் விற்கிறார்கள். வாங்கும் முன் இரண்டு அடாப்டரிலும் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் இருக்கும், சில ரவுட்டர்களுக்கு 9 வோல்ட் இருக்கும். 9 வோல்ட் ரவுட்டரில் 12ஐக் கொடுக்கக் கூடாது. ஆம்பியர், பெட்டிக்குத் தேவையான அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. ரவுட்டருக்கு மட்டும் யூ.பி.எஸ் போட்டுவிட்டு ஓ.என்.டியை விட்டுவிட்டால் வைஃபை முழுசாகக் காட்டும், நெட் இருக்காது.

இடி மின்னல் நேரத்தில் இரண்டு அடாப்டரையும் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். கண்ணாடி ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் சுவர் பிளக் கடத்தும்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

நெட் மெதுவாக இருந்தால் ஆஃப் செய்து அரை நிமிடம் கழித்து ஆன் செய்வது ரீஸ்டார்ட். பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்துவது ரீசெட். அது நீங்கள் போட்டது அத்தனையையும் அழித்து, ரவுட்டரைப் புதுசாக்கிவிடும். உங்கள் ரவுட்டரை ரீசெட் செய்தால் மேலே சொன்ன வேலையை மறுபடி செய்ய வேண்டியதுதான், பரவாயில்லை. ஆனால் ஓ.என்.டியில் குண்டூசியை விட்டால் அதற்குள் இருக்கும் லாகினும் விலானும் போய்விடும், கேபிள்காரர் வரும் வரை நெட் கிடையாது. ஃபைபரில் ஒளி எவ்வளவு பலமாக வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் ஓ.என்.டியின் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்ற இடத்தைப் பாருங்கள். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் மழை நாளில் அறுந்து அறுந்து வரும். அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள், ஜாயின்ட்டைப் புதிதாகப் போட்டுத் தருவார்கள்.

மாதம் ஒருமுறை ரவுட்டரின் மென்பொருள் அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள், தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் ஆன் செய்துவிடலாம். வெளியிலிருந்து ரவுட்டரின் அமைப்பை மாற்ற விடும் ரிமோட் மேனேஜ்மென்ட் ஆஃபிலேயே இருக்கட்டும். பின்னாளில் நிறுவனம் மாறினால் ஓ.என்.டியைத் திருப்பிக் கேட்பார்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரவுட்டர் உங்களுடையது. புது நிறுவனத்தின் பெட்டியோடு அதே வயரில் செருகி, லாகின் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே இருப்பதால் வீட்டில் ஒரு போனைக்கூடப் புதிதாக இணைக்க வேண்டியிருக்காது.